மங்கலாகத் தெரிகிறதா? கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன்னும் பின்னும்

ஓர் அட்டையில் தடித்த ஊசியால் 1 மி.மீ. அகலத்துக்கு ஒரு துளை போடுங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, மங்கலாகத் தெரியும் கண்ணுக்கு நேரே அந்தத் துளையைப் பிடித்து, தூரத்தில் உள்ள பேருந்து எண்ணையோ எதிர் புளோக் எண்ணையோ பாருங்கள். துளை வழியாகத் தெளிவாகத் தெரிந்தால், சிக்கல் பெரும்பாலும் பவரில்தான் இருக்கிறது; கண்ணாடி போட்டால் சரியாகும். துளை வழியாகவும் அதே மங்கல் இருந்தால், அல்லது முன்னைவிட மோசமாகத் தெரிந்தால், கண்ணாடிக் கடைக்குப் போவதில் பயனில்லை. கண்புரை, விழித்திரை, நரம்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

காரணம் எளிது. சிறு துளை ஒளியின் ஒரு மெல்லிய கற்றையை மட்டும் உள்ளே விடுகிறது. அதனால் ஒளி விழித்திரைக்கு முன்னே குவிந்தாலும் பின்னே குவிந்தாலும் பிம்பம் அதிகம் பரவுவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: துளையில் தெளிவாகத் தெரிவதால் கண்ணில் நோயே இல்லை என்று ஆகிவிடாது. கண் அழுத்த நோய் நடுப்பார்வையைக் கடைசி வரை தொடாமலே இருக்கக்கூடும்.

மங்கலின் வகைகள்

பெரியவர் ஒருவரின் விழி முன்பின்னாக ஏறத்தாழ 24 மி.மீ. நீளம். ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழிப் படலமும், மிச்சத்தை உள்ளே இருக்கும் விழிவில்லையும் செய்கின்றன. விழி 1 மி.மீ. கூடுதலாக நீண்டாலே ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை (அதாவது −2.50 முதல் −3.00 பவர் வரை) கிட்டப்பார்வை வந்துவிடும். அதாவது கிட்டப்பார்வை என்பது, பெரும்பாலானவர்களுக்கு, கண் நீண்டு வளர்ந்துவிட்ட நிலை. மைனஸ் கண்ணாடி ஒளியைச் சற்று விரித்து, குவியும் இடத்தைப் பின்னே தள்ளி விழித்திரையில் விழவைக்கிறது. கண்ணின் நீளத்தை அது குறைப்பதில்லை. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால், கீழே வரும் பாதிச் செய்திகள் தாமாகவே புரியும்.

உங்கள் கிட்டப்பார்வை எவ்வளவு என்று வீட்டிலேயே தோராயமாக அளக்கலாம். கண்ணாடியைக் கழற்றுங்கள், ஒரு கண்ணை மூடுங்கள், செய்தித்தாளின் சிறிய எழுத்தை மூக்குக்கு அருகிலிருந்து மெல்ல விலக்குங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து அதுவரை உள்ள தூரத்தைச் சென்டிமீட்டரில் அளங்கள். 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் பவர் கிடைக்கும். 50 செ.மீ. என்றால் −2.00, 33 செ.மீ. என்றால் −3.00, 20 செ.மீ. என்றால் −5.00. இந்தக் கணக்கை வைத்துக் கண்ணாடி செய்யக்கூடாது. ஆனால் பழைய கண்ணாடி −2.00 ஆக இருக்க, அளவு 25 செ.மீ. காட்டினால், பரிசோதனைக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சிங்கப்பூரில் −3.00 பவரை '300 டிகிரி' என்கிறோம். ஊருக்குப் போயிருக்கும்போது சென்னையிலோ திருச்சியிலோ கண்ணாடி செய்பவர்கள் நம்மில் நிறைய. அங்கே 'மைனஸ் மூணு பவர்' என்றுதான் சொல்வார்கள். டிகிரியில் உள்ள எண்ணை 100-ஆல் வகுத்தால் அந்தப் பவர் வந்துவிடும். சீட்டில் 'ஆக்சிஸ்' என்ற இடத்திலும் 1 முதல் 180 வரை ஒரு டிகிரி வரும், அது கோணம். பவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'எனக்கு 180 டிகிரி' என்று கோணத்தைப் பவராக நினைத்துச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. வாயால் சொல்வதைவிடச் சீட்டையே கொண்டுபோவது நல்லது.

தூரப்பார்வையில் கண் குட்டையாக இருக்கும். பெயரை வைத்துத் 'தூரம் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்' என்று எண்ணிவிடுகிறார்கள். இளவயதில் விழிவில்லையை இறுக்கிப் பிடித்துத் தூரம், கிட்டம் இரண்டையும் சமாளித்துவிட முடியும். மாலையானால் தலைவலி, படிக்க உட்கார்ந்தால் சோர்வு என்றுதான் அது வெளியே தெரியும். சிறு குழந்தைக்குத் தூரப்பார்வை அதிகம் இருந்தால், அந்த இறுக்கம் கண்ணை உள்நோக்கித் திருப்பி மாறுகண்ணாக்கலாம். இதற்குப் பிளஸ் கண்ணாடி.

சிதறல் பார்வையில் கருவிழிப் படலம் பந்து போல இல்லாமல் ரக்பி பந்து போல ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருக்கும். எழுத்தின் ஓரத்தில் நிழல், இரவில் கார் விளக்கிலிருந்து நீளும் கோடுகள், '8', '6', '0' ஆகியவற்றைப் பிரித்தறிய முடியாமை என்று தெரியவரும். இதற்குத்தான் சீட்டில் 'சிலிண்டர்' என்ற எண்ணும், அது எந்தத் திசையில் வேலை செய்ய வேண்டும் என்ற ஆக்சிஸும்.

வெள்ளெழுத்து இவற்றிலிருந்து வேறு. விழிவில்லை வயதாக ஆக இறுகிப்போகிறது. 40-ஐ ஒட்டி எல்லாருக்கும் வரும், தடுக்க வழியில்லை. கிட்டத்தில் படிக்கக் கூட்ட வேண்டிய பவரைச் சீட்டில் 'ஆட்' என்று எழுதுவார்கள்: 45 வயதில் +1.00 அல்லது +1.25, 50-களில் +1.75, +2.00, 60 தாண்டினால் +2.50 என்ற அளவில் இருக்கும். 250 டிகிரி கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வசதியாகப் படிப்பார்; இது கண் குணமாகிவிட்டதற்கு அடையாளமில்லை.

கடையில் தயாராகக் கிடைக்கும் வாசிப்புக் கண்ணாடி இரு கண்ணுக்கும் ஒரே பவர் உள்ள, சிதறல் பார்வை இல்லாதவர்களுக்குப் போதும். தவறில்லை. ஆனால் இரு கண்ணுக்கும் வேறு வேறு பவர் உள்ளவர் அதையே வருடக்கணக்கில் போட்டால் ஒரு கண்தான் உழைத்துக்கொண்டிருக்கும்.

நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது விழிவில்லையில் நீர் சேர்ந்து பவர் தாறுமாறாக மாறும். புதிதாக மருந்து தொடங்கியவர், இன்சுலின் மாற்றியவர், சர்க்கரை நிலைப்பட்டுச் சில வாரங்கள் ஆகும்வரை புதுக் கண்ணாடி செய்ய வேண்டாம். செய்தால் அடுத்த மாதம் அது பொருந்தாது.

பரிசோதனை நாற்காலியில்

சிங்கப்பூரில் 2007-ஆம் ஆண்டின் சட்டப்படி ஆப்டோமெட்ரிஸ்டுகளும் (கண்பார்வையைச் சோதிப்பவர்கள்) ஆப்டிஷியன்களும் (கண்ணாடி செய்து பொருத்துபவர்கள்) அதற்கான வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். யார் உங்களைப் பரிசோதிக்கிறார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முதலில் ஒரு இயந்திரத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். சாலையின் முடிவில் ஒரு பலூனோ வீடோ தெரியும். அந்த இயந்திரம் சில விநாடிகளில் ஓர் எண்ணை அச்சடிக்கும். அது தொடக்கப் புள்ளி மட்டுமே. அருகே எதையோ பார்க்கிறோம் என்று கண் நினைத்து இறுகிக்கொண்டால், இயந்திரம் மைனஸைக் கூட்டிக் காட்டும். இளையவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது அடிக்கடி நடக்கும். அந்த எண்ணையே அப்படியே கண்ணாடியாக்கினால் தூரம் 'கூர்மையாக' இருக்கும்; படிக்கும்போது கண் வலிக்கும்.

ஆகவே அதன்பிறகு ஒவ்வொரு கண்ணாகக் கண்ணாடித் துண்டுகளை மாற்றி, 'இதுவா, அதுவா' என்று கேட்கும் கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் 'ஒன்றுபோல இருக்கிறது' என்று சொல்லுங்கள். தேர்வில் பதில் சொல்வது போல ஊகிக்கக் கூடாது. உங்கள் ஊகம் அப்படியே கண்ணாடியில் போய் உட்கார்ந்துவிடும். எழுத்து சிறியதாகவும் கறுப்பாகவும் மாறினால், அது தெளிவு கூடியதற்கு அடையாளமில்லை, மைனஸ் மிகுந்ததற்கு அடையாளம். அதையும் சொல்லுங்கள்.

பிறகு சிவப்பு, பச்சைப் பின்னணிகளில் எழுத்தைக் காட்டுவார்கள். பச்சை ஒளி முன்னே குவியும், சிவப்பு சற்றுப் பின்னே குவியும். கிட்டப்பார்வைக்காரருக்குப் பச்சைப் பக்கம் தெளிவாக இருந்தால் மைனஸ் கூடிவிட்டது. சிவப்புப் பக்கம் தெளிவாக இருந்தால் கொஞ்சம் குறைவு. பச்சையில் நின்றபடி சோதனையை முடித்துவிடக் கூடாது. கடைசியாக, கண்டுபிடித்த பவரைச் சோதனைச் சட்டத்தில் (ஃபிரேமில்) பொருத்திக்கொண்டு ஐந்து நிமிடம் கடைக்குள் நடந்து, தரையையும் படிக்கட்டையும் கைப்பேசியையும் பாருங்கள். பவர் 100 டிகிரிக்குமேல் மாறியிருந்தாலோ சிலிண்டர் புதிதாகச் சேர்ந்திருந்தாலோ இந்த நடையைத் தவிர்க்க வேண்டாம்.

சீட்டு இப்படி இருக்கும்: வலக்கண் −4.25 / −1.25 × 175, இடக்கண் −3.75 / −0.50 × 10, ஆட் +1.50, கண்மணிகளுக்கு இடையே 63 மி.மீ. இரண்டு இடங்களில் சோதித்து இரண்டு சீட்டும் வேறாகத் தெரிந்தால் பதற வேண்டாம். மருத்துவர்கள் சிலர் சிலிண்டரைப் பிளஸில் எழுதுவார்கள். −5.50 / +1.25 × 85 என்பதும் மேலே உள்ள வலக்கண் எண்ணும் ஒன்றேதான்: இரண்டு எண்களையும் கூட்டுங்கள், சிலிண்டரின் குறியை மாற்றுங்கள், ஆக்சிஸை 90 டிகிரி திருப்புங்கள்.

சீட்டின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கண்மணி இடைவெளியையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

சட்டமும் லென்ஸும்

புதுக் கண்ணாடி 'தலையைச் சுற்றுகிறது' என்ற புகாரில் பவர் சரியாக இருந்தும் லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே உட்காராதது பெரும் காரணம். விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால், கண்ணைத் தேவையில்லாமல் இழுக்கும் பிரிசம் எவ்வளவு என்று தெரியும். −6.00 பவரில் 5 மி.மீ. விலகினால் 0.5 × 6 = 3 பிரிசம். நாள் முழுக்க இரு கண்களும் அதை எதிர்த்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். −1.00 பவரில் அதே விலகல் உங்களுக்குத் தெரியவே தெரியாது. இணையத்தில் கண்ணாடி வாங்குவது குறைந்த பவருக்குப் பெரும்பாலும் ஒத்துவருவதும், அதிக பவருக்கு ஏமாற்றம் தருவதும் இதனால்தான்.

சட்டத்தின் கோலின் உட்பக்கம் 48, 20, 140 என்று மூன்று எண்கள் இருக்கும்: லென்ஸின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், கோலின் நீளம். முதல் இரண்டையும் கூட்டுங்கள். அது உங்கள் கண்மணி இடைவெளிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவு மெல்லியதாக மைனஸ் லென்ஸின் ஓரம் இருக்கும். 63 மி.மீ. இடைவெளி உள்ளவருக்கு 48+20 நல்ல பொருத்தம்; 56+18 எடுத்தால், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் போட்டாலும் வெளி ஓரம் தடிக்கும். எங்கள் கருத்தில், 500 டிகிரிக்குமேல் உள்ளவர் முதலில் சிறிய, வட்டமான சட்டத்தைத் தேர்ந்துகொண்டு, மிச்சமிருந்தால்தான் மெல்லிய லென்ஸுக்குச் செலவழிக்க வேண்டும்.

லென்ஸ் பொருளின் ஒளிவிலகல் எண் கூடக்கூட லென்ஸ் மெல்லியதாகும். 200 டிகிரி வரை 1.50 அல்லது 1.56 போதும், 300 முதல் 600 வரை 1.60, அதற்குமேல் 1.67, 1.74. மெல்லிய லென்ஸில் ஓரத்தில் பார்த்தால் வெள்ளை எழுத்தைச் சுற்றி வண்ணக் கோடு தெரியலாம். அது பழுதில்லை, அந்தப் பொருளின் இயல்பு. குழந்தைகளுக்கும், கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை செய்பவர்களுக்கும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ். ஆனால் சாதாரணச் சட்டத்தில் அதைப் போட்டுவிட்டால் பாதுகாப்புக் கண்ணாடி ஆகிவிடாது. பொறி பறக்கும் வேலையில் பக்கவாட்டு மறைப்பும் வேண்டும்: பவரோடு செய்த பாதுகாப்புக் கண்ணாடி, அல்லது சொந்தக் கண்ணாடிக்கு மேலே போடும் கவசம்.

புரோகிரசிவ் லென்ஸில் மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் ஒரு குறுகிய பாதை. அந்தப் பாதையின் இருபுறமும் கலங்கல் இருந்தே தீரும். கண்மணியிலிருந்து சட்டத்தின் கீழ் விளிம்பு வரை குறைந்தது 14 முதல் 18 மி.மீ. வேண்டும், ஒல்லியான சட்டத்தில் படிக்கும் பகுதியே வெட்டுப்பட்டுவிடும். உயரத்தை, சட்டம் உங்கள் மூக்கில் உட்கார்ந்த நிலையில், நீங்கள் நேராகப் பார்க்கும்போது அளக்க வேண்டும். சட்டத்தைக் கையில் வைத்து அளந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு ஒன்றிரண்டு வாரம் பழக வேண்டும்: பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணைத் திருப்பாமல் மூக்கைத் திருப்புங்கள்; எம்ஆர்டி நிலைய மின்படியில் இறங்கும்போது முகவாயைத் தாழ்த்தி மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள். தூரத்தைப் பார்க்க முகவாயைத் தாழ்த்த வேண்டியிருந்தால் லென்ஸ் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. படிக்க முகவாயை மிகவும் தூக்க வேண்டியிருந்தால் தாழ்ந்திருக்கிறது. மூக்குப் பட்டையைச் சரிசெய்தாலே பல நேரம் தீரும். இரண்டு வாரத்திலும் தீராவிட்டால் திரும்பிப் போய் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

குழந்தைகளின் கிட்டப்பார்வை

உலகில் கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ள நாடுகளில் சிங்கப்பூர் ஒன்று. 2001 முதல் தேசிய அளவில் தடுப்புத் திட்டம் நடந்துவருகிறது, பள்ளிகளில் கண் சோதிக்கிறார்கள். ஆனாலும் பெற்றோர் பலர் 'கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும்' என்று அஞ்சித் தள்ளிப்போடுகிறார்கள், அல்லது பவரைக் குறைத்துப் போடச் சொல்கிறார்கள். குறைத்துப் போட்டால் வேகம் தணியும் என்பது தவறு. 2002-இல் வெளியான மலேசிய ஆய்வில், பவர் குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாக ஏறியது. முழுப் பவரைப் போடுங்கள்.

பவர் ஏறுவதற்குக் காரணம் கண் நீளுவது. 7 வயதில் தொடங்கிய பிள்ளைக்கு நீள இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. 14 வயதில் தொடங்கியவருக்குக் குறைவு. அதனால் சீக்கிரம் தொடங்கியவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 500, 600 டிகிரியைத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை பிரிதல், கண் அழுத்த நோய், விழித்திரையின் நடுப்பகுதி தேய்தல் ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது. நாம் காப்பாற்றப் பார்ப்பது 50 வயதில் அந்தப் பிள்ளைக்கு இருக்கப்போகும் பார்வையை.

செய்யக்கூடியவை நான்கு. முதலாவது வெளியே விளையாடுவது: நாளுக்கு 2 மணி நேரம். பலன் தருவது விளையாட்டைவிட வெளிச்சம் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டுக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ். திறந்தவெளியில் மர நிழலில்கூட அதைப் போலப் பல மடங்கு. ஆகவே வெயிலில் வாட்ட வேண்டாம், தொப்பியோடு பூங்காவின் மரத்தடியில் இருந்தாலும் பலன் உண்டு. புளோக்கின் கீழ்த்தளம் கூரைக்குக் கீழே இருப்பதால் அதற்கு ஈடாகாது. டியூஷனுக்கு நடந்து போவது, பள்ளி முடிந்து விளையாட்டுத் திடலில் முக்கால் மணி நேரம் என்று துண்டு துண்டாகவும் சேர்க்கலாம்.

இரண்டாவது அட்ரோபின் சொட்டு. இதில் சிங்கப்பூருக்குப் பெருமைப்பட இடமிருக்கிறது: 1 விழுக்காட்டு அட்ரோபின் வேகத்தைத் தணிப்பதை 2006-இல் வெளியான இங்குள்ள ஆய்வு காட்டியது, ஆனால் கண்மணி விரிந்து வெளிச்சம் கூசியது, கிட்டத்தில் இருப்பதும் மங்கலாகத் தெரிந்தது. 2012-இல் வெளியான அடுத்த ஆய்வு, 0.01 விழுக்காடு போன்ற மிகக் குறைந்த அளவிலும் பலன் உண்டு, தொந்தரவு குறைவு என்று காட்டியது. பின்னர் ஹாங்காங் ஆய்வு 0.05 விழுக்காடு அதைவிட நன்றாக வேலை செய்வதைக் கண்டது. எந்த அளவு என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். இரவு படுக்கும்முன் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு. திடீரென்று நிறுத்தினால் பவர் வேகமாக ஏறக்கூடும்; குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். விட்டுவிட்டுப் போடுவது பணத்தை வீணாக்குவது.

மூன்றாவது, ஓரத்தில் சிறு சிறு வில்லைகள் பதித்த தனிவகைக் கண்ணாடிகளும் அதே கொள்கையில் செய்த ஒரு நாள் காண்டாக்ட் லென்ஸும். நடுவில் தெளிவு, ஓரத்தில் பிம்பம் விழித்திரைக்கு முன்னே விழும். கண் நீளுவதற்கான தூண்டுதல் குறைகிறது. நாள் முழுக்கப் போட்டால்தான் வேலை செய்யும். நான்காவது, இரவில் போட்டுத் தூங்கும் கடின லென்ஸ். காலையில் கழற்றினால் பகல் முழுக்கக் கண்ணாடி வேண்டாம். பலன் உண்டு, ஆனால் கிருமித்தொற்று வந்தால் கருவிழியில் தழும்பு விழும். கழுவிப் பராமரிப்பதைப் பெற்றோர் தாங்களே செய்ய முடியாவிட்டால் இதை எடுக்காதீர்கள்.

எதைத் தொடங்கினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் கண்ணின் இறுக்கத்தைத் தளர்த்தும் சொட்டு போட்டுப் பவர் பார்ப்பது நல்லது. பொய்யான மைனஸ் அப்போது விலகிவிடும்.

ஒரு கண் மட்டும் பின்தங்கிய 'சோம்பேறிக் கண்' வேறு சங்கதி. குழந்தை குறை சொல்லாது, மற்றக் கண்ணால் எல்லாம் பார்த்துவிடும். ஒரு கண்ணை மூடினால் அழுது கையைத் தட்டிவிட்டு, மற்றதை மூடினால் பேசாமலிருந்தால் உடனே காட்டுங்கள். கண்ணாடியும் நல்ல கண்ணை ஒட்டி மூடும் சிகிச்சையும் 7, 8 வயதுக்குள் தொடங்கினால் நன்கு பலன் தரும்.

காண்டாக்ட் லென்ஸ், லேசர்

2005, 2006-இல் சிங்கப்பூரில் காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களிடையே பூஞ்சைத் தொற்று பரவிப் பலரின் கருவிழி பாதிக்கப்பட்டது. அதிலிருந்து படிக்க வேண்டியது: லென்ஸில் குழாய் நீர் படக்கூடாது, நீச்சல் குளத்தில் போடக்கூடாது, அதோடு தூங்கக்கூடாது, பழைய திரவத்தில் புதிதை ஊற்றி நிரப்பக்கூடாது, டப்பியை மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். ஒரு நாள் லென்ஸ் இந்தச் சிக்கல்களில் பாதியைத் தவிர்க்கும். கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் லென்ஸைக் கழற்றி அன்றே மருத்துவரிடம் போங்கள். அழகுக்காகப் போடும் நிற லென்ஸுக்கும் இதே விதிகள்தான். கண்ணாடிப் பவரையே லென்ஸுக்கு எழுதவும் கூடாது: லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருப்பதால் −6.00 கண்ணாடிக்கு −5.50 அளவில்தான் வரும்.

லேசர் சிகிச்சைக்குப் பவர் ஓராண்டாவது மாறாமல் இருக்க வேண்டும். கருவிழிப் படலம் சராசரி 540 மைக்ரான் தடிமன். 100 டிகிரிக்கு ஏறத்தாழ 12 முதல் 16 மைக்ரான் செதுக்க வேண்டியிருக்கும். பவர் அதிகம், படலம் மெல்லியது என்றால் செய்யக்கூடாது. அவர்களுக்கு உள்ளே பொருத்தும் லென்ஸ் உண்டு. கண்ணைக் கசக்கும் பழக்கத்தால் படலம் கூம்பாகிக்கொண்டிருப்பவருக்கு லேசர் ஆபத்து. அளவெடுக்கும்முன் மென்லென்ஸை ஒன்றிரண்டு வாரம் கழற்றி வைக்க வேண்டும். மிக முக்கியமானது: லேசருக்குப் பிறகும் கண் அதே நீளம்தான். 800 டிகிரி இருந்தவர் கண்ணாடியில்லாமல் நடந்தாலும் விழித்திரைச் சோதனையை ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

எந்தக் கண்ணாடியும் உதவாத நேரம்

கண்ணுக்குள் திடீரென மின்னல், கருப்புப் புள்ளிகள் மழைபோல, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற நிழல்: விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம், அன்றே அவசரப் பிரிவுக்கு. கடும் கண்வலியோடு வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம்: கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம், சில மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நேர்க்கோடு வளைந்து தெரிவதும் அவசரமே. மெல்ல மெல்ல வரும் மங்கலும் இரவு விளக்கு கூசுவதும் கண்புரையாக இருக்கலாம். அதற்கு அவசரமில்லை, அறுவை சிகிச்சைக்கு மெடிசேவை (சிங்கப்பூரில் மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பை) பயன்படுத்தலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பலதுறை மருந்தகத்தில் விழித்திரைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கண்மணியை விரிக்கும் சொட்டு போட்டால் நான்கு முதல் ஆறு மணி நேரம் மங்கலும் கூச்சமும் இருக்கும். அன்று வாகனம் ஓட்ட வேண்டாம். வெயில் கண்ணாடியும், கூட ஒரு ஆளும் இருக்கட்டும்.